விளையாட்டு மீடியா வேலை: நெல்லைச் சீமைப் பிள்ளைகள் கேட்கும் கேள்விகள்

அணிகளுக்கும் போட்டிகளுக்கும் மீடியா வேலை பார்க்கிறவன் நான். பாளையங்கோட்டைக் கல்லூரிப் பிள்ளைகளும் ஊர்க் கபடிக் கமிட்டித் தம்பிகளும் திரும்பத் திரும்பக் கேட்கிறவற்றை இங்கே ஒரே இடத்தில் போட்டிருக்கிறேன். சிலருடைய பெற்றோர் கேட்டதும் உண்டு.

இது நிருபர் வேலையா, விளம்பர வேலையா?

இரண்டும் இல்லை. ஒரு அணியோ, லீகோ, மாவட்டச் சங்கமோ, கல்லூரியோ உங்களை வைத்திருக்கும். அவர்களுடைய ஆட்டம் பற்றிய தகவலைப் பத்திரிகை, டிவி, வானொலி, சமூக வலைதளம் எல்லாவற்றுக்கும் பிழையில்லாமல், நேரத்துக்குள் கொண்டுபோய்ச் சேர்ப்பது உங்கள் பொறுப்பு. மேட்சுக்கு முன்னால் அணிப் பட்டியலும் பழைய கணக்கும் தயாராக இருக்க வேண்டும். மேட்ச் நடக்கும்போது ஸ்கோர் போக வேண்டும். முடிந்ததும் செய்திக்குறிப்பு, படம், ஆட்டக்காரரின் பேட்டி. மீடியா மேனேஜர், பி.ஆர்.ஓ., கம்யூனிகேஷன்ஸ் என்று இடத்துக்கு ஒரு பெயர் வைத்திருப்பார்கள்.

அமெரிக்கக் கல்லூரிகளில் இதற்கென்றே தனி அலுவலகம் உண்டு. அங்கே இந்த வேலை பார்ப்பவர்களுக்கு 1957-லேயே ஒரு சங்கம் வந்துவிட்டது. நம் கல்லூரிகளில் பி.டி. சார் தலையிலேயே இதையும் கட்டிவிடுகிறார்கள். அவருக்கு டீமைப் பஸ் ஏற்றி இறக்கவே நேரம் போதாது. அதனால் நம் பிள்ளைகள் ஜெயித்த பாதி மேட்சுகள் நோட்டீஸ் போர்டைத் தாண்டுவதில்லை.

சென்னைக்குப் போனால்தான் நடக்குமா? திருநெல்வேலியில் இருந்துகொண்டு என்ன கற்றுக்கொள்ள முடியும்?

சம்பள வேலை பெரும்பாலும் சென்னை, மும்பை, பெங்களூரு பக்கம்தான் இருக்கிறது. ஆனால் பழகுவதற்கு நம் ஊரைவிட நல்ல இடம் இல்லை என்பேன். சென்னையில் ஒரு லீக் மேட்சில் ஸ்கோர்ஷீட்டைத் தொட்டுப் பார்க்கவே பத்துப் பேரைத் தாண்டிப் போகணும். இங்கே கேட்டால் கையில் கொடுத்து, "தம்பி, நீயே வச்சுக்கோ" என்பார்கள்.

சங்கர் நகர் மைதானத்தில் டி.என்.பி.எல். (தமிழ்நாடு பிரீமியர் லீக்) கிரிக்கெட் நடப்பது எல்லோருக்கும் தெரியும். 2016-ல் தொடங்கிய லீக் அது. நெல்லை ராயல் கிங்ஸ் என்று நம் பெயரிலேயே ஒரு அணியும் வந்தது. கோவில்பட்டிக்குப் போனால் ஹாக்கி. அந்த ஊரில் லட்சுமி அம்மாள் கோப்பைக்கு வெளிமாநில அணிகள் வந்து ஆடுகின்றன. தெருப் பையன்கூட பெனால்டி கார்னரைப் பற்றிச் சண்டை போடுவான். பாளையங்கோட்டை அண்ணா விளையாட்டரங்கமும் வ.உ.சி. மைதானமும் கையெட்டும் தூரத்தில் இருக்கின்றன. முதலமைச்சர் கோப்பை மாவட்டப் போட்டிகள் வந்தால் ஒரே நாளில் பல ஆட்டங்களைப் பார்த்துவிடலாம்.

அப்புறம் கபடி. 1994 ஹிரோஷிமா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற இந்திய அணியில் ஆடி, அர்ஜுனா விருதும் வாங்கிய மணத்தி கணேசன் இந்தச் சீமைக்காரர்தான். அவர் பெயரோடு ஒட்டியிருக்கும் மணத்தி ஒரு கிராமம். கோயில் கொடை வந்தால் மின்னொளி கபடி நடக்காத ஊர் இந்தப் பக்கம் குறைவு. அங்கே ஒரு நோட்டும் பேனாவும் எடுத்துக்கொண்டு உட்காருங்கள்.

என்ன படிக்கணும்?

இந்தப் பட்டம் இருந்தால்தான் வேலை என்று கிடையாது. அபிஷேகப்பட்டி மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தில் தொடர்பியல் துறை இருக்கிறது. விஸ்காம் (காட்சித் தொடர்பியல்), இதழியல் படித்தவர்களும் வருகிறார்கள். உடற்கல்வி படித்தவர்கள் எழுதப் பழகிக்கொண்டால் இன்னும் நல்லது, ஆட்டம் அவர்களுக்கு உள்ளே இருக்கிறது. புள்ளியியல் படித்த பிள்ளைகள் இதை யோசிப்பதே இல்லை. ஆனால் ஒவ்வொரு அணிக்கும் கணக்குப் பார்க்கிற ஆள் வேண்டியிருக்கிறது.

செய்திக்குறிப்பு எழுதத் தெரியவில்லை. எங்கே தொடங்குவது?

முடிவிலிருந்து தொடங்குங்கள். நம் ஊர்க் குறிப்புகள் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்: "அருள்மிகு அம்மன் கோயில் கொடை விழாவை முன்னிட்டு, ஊர்ப் பெரியவர்கள் முன்னிலையில், இளைஞர் அணி சார்பில் மாபெரும் மின்னொளி கபடிப் போட்டி வெகு சிறப்பாக நடைபெற்றது." இதைப் படித்தவருக்கு யார் ஜெயித்தார்கள் என்று தெரியாது. பத்திரிகை அலுவலக டெஸ்க்கில் செய்தியைத் திருத்துகிறவர் நான்காவது பத்தியில் போய்த் தேடுவார். அதுவும் அன்றைக்கு இடம் இருந்தால்.

களக்காடு அணியும் வள்ளியூர் அணியும் இறுதி ஆட்டத்துக்கு வந்ததாக வைத்துக்கொள்வோம். முதல் வரி: "களக்காடு அணி 34-31 என்ற புள்ளிக்கணக்கில் வள்ளியூர் அணியை வென்று கோப்பையைக் கைப்பற்றியது." இரண்டாவது வரியில் எங்கே, எப்போது, எத்தனை அணிகள். மூன்றாவதில் ஆட்டம் எங்கே திரும்பியது என்று வரணும். இடைவேளையில் ஸ்கோர் என்ன, எந்த நிமிடத்தில் ஆல் அவுட் விழுந்தது, கடைசி ரெய்டில் யார் போனார், போனஸ் எடுத்தாரா, பிடிபட்டாரா. நான்காவதில் அதிகப் புள்ளி எடுத்த ரைடர், அதிக டேக்கிள் போட்ட பிடிப்பாளர், இருவரின் முழுப் பெயரும் சொந்த ஊரும். அரையிறுதி முடிவுகள் அதற்குக் கீழே. பரிசு கொடுத்தவர் கடைசியில். அவ்வளவுதான், நூற்றைம்பது வார்த்தைக்குள் முடித்துவிடலாம்.

ஹாக்கி என்றால் ஒவ்வொரு கோலுக்கும் நிமிடம் எழுதணும். ஃபீல்ட் கோலா, பெனால்டி கார்னரா, பெனால்டி ஸ்ட்ரோக்கா என்பதும் வேண்டும். பதினைந்து நிமிடமாக நான்கு கால்பகுதி ஆடுகிறார்கள், "முதல் பாதி, இரண்டாம் பாதி" என்று பொத்தாம்பொதுவாக எழுதினால் ஆட்டம் தெரிந்தவர் சிரிப்பார்.

குறிப்பை யூனிகோட் எழுத்தில், மெயிலிலோ வாட்ஸ்அப்பிலோ அப்படியே எழுத்தாக அனுப்புங்கள். லெட்டர்பேடில் டைப் செய்து, சீல் குத்தி, அதைப் போட்டோ எடுத்து அனுப்புகிற பழக்கம் நம் கமிட்டிகளுக்கு இருக்கிறது. அதை வாங்குகிறவர் முழுவதையும் திரும்ப டைப் அடிக்கணும். ராத்திரி எட்டு மணிக்கு யாருக்கு அந்தப் பொறுமை இருக்கும்?

எங்கள் இறுதி ஆட்டம் முடியவே விடியற்காலை ஆகிவிடுகிறது. பத்திரிகையில் எப்படி வரும்?

அன்றைக்கு வராது. மாவட்டப் பக்கங்களை முன்னிரவிலேயே முடித்து அச்சுக்கு அனுப்பிவிடுவார்கள். அதனால் முதல் நாள் சாயங்காலமே ஒரு குறிப்பு கொடுங்கள்: எத்தனை அணிகள் வந்திருக்கின்றன, கவனிக்க வேண்டிய ஆட்டக்காரர் யார், தொடக்க ஆட்டத்தின் முடிவு என்ன. இறுதி முடிவை விடிந்ததும் அனுப்பினால் மறுநாள் பேப்பரில் இடம் கிடைக்க வழி உண்டு. மத்தியானம் தூங்கி எழுந்து அனுப்பினால் அது பழைய செய்தி. இணையப் பதிப்புகளுக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை, ராத்திரியே போட்டுவிடுவார்கள். எந்தப் பத்திரிகையின் பக்கம் எத்தனை மணிக்கு முடியும் என்பதை அந்தந்த நிருபரிடமே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கேட்டால் சந்தோஷமாகச் சொல்வார்கள்.

ஆட்டக்காரர் பெயரில் ஏன் இவ்வளவு குழப்பம்?

நமக்குக் குடும்பப்பெயர் கிடையாது, இனிஷியல்தான். பாஸ்போர்ட்டிலும் சங்கப் படிவத்திலும் கடைசிப் பெயர் என்ற கட்டத்தை நிரப்பச் சொன்னால் அப்பா பெயரை எழுதுகிறோம். பிறகு ஆங்கில வர்ணனையில் பையன் கோல் போடுகிறான், அப்பாவைப் பாராட்டுகிறார்கள். ரியோ 2016 பாராலிம்பிக்கில் உயரம் தாண்டித் தங்கம் வாங்கிய மாரியப்பனை எத்தனையோ பேர் தங்கவேலு என்றே எழுதினார்கள். அது அவருடைய அப்பா பெயர்.

இதைச் சரிசெய்வது உங்கள் வேலை. அணி வந்து இறங்கியதும் ஒவ்வொருவரிடமும் போய், "உங்களை எப்படிக் கூப்பிடணும், தமிழில் எப்படி எழுதணும், ஆங்கிலத்தில் எழுத்து என்ன" என்று கேட்டு ஒரு தாளில் எழுதி, அவரிடமே காட்டிச் சரிபாருங்கள். முத்துக்குமார் மூன்று பேர் இருக்கிற டீமில் இனிஷியலும் ஜெர்சி எண்ணும் இல்லாவிட்டால் யார் புள்ளி யாருக்குப் போகும் என்றே தெரியாது. அந்தத் தாளின் ஒரு நகலை மைக் பிடிப்பவரிடம் கொடுத்துவிடுங்கள். ஒரு பையன் பெயர் பேப்பரில் தப்பாக வந்தால், அதை வெட்டி வீட்டில் ஒட்டப்போகிற அம்மாவுக்கு நீங்கள்தான் பதில் சொல்லணும்.

கமிட்டிக்காரர்கள் இருபது பெயர் கொடுத்து, எல்லாம் செய்தியில் வரணும் என்கிறார்கள். என்ன செய்ய?

நன்கொடை கொடுத்தவர் பெயர் வரணும் என்று அவர்கள் நினைப்பதில் தப்பில்லை, அவர் இல்லாமல் விளக்கு எரியாது. அந்த இருபது பெயரையும் ஃப்ளெக்சில் போடுங்கள், மைக்கில் மணிக்கொரு தரம் வாசிக்கச் சொல்லுங்கள், முகநூலில் நன்றி சொல்லித் தனிப் பதிவு போடுங்கள். செய்திக்குறிப்பில் மூன்று பேருக்கு மேல் வேண்டாம். "அண்ணாச்சி, இருபது பெயர் போட்டால் பத்திரிகைக்காரர் இருபதையும் வெட்டுவார், மூன்று போட்டால் மூன்றும் வரும்" என்று சொல்லிப் பாருங்கள். அநேகமாக ஒத்துக்கொள்வார்கள்.

படத்துக்கும் இதே கதைதான். பொன்னாடை போர்த்தியவர்கள் முன்வரிசையில் நிற்க, ஜெயித்த பிள்ளைகள் அவர்கள் தோளுக்குப் பின்னால் பாதி முகம் காட்டிக்கொண்டிருப்பார்கள். ஆட்டக்காரர்களை முன்னால் உட்கார வைத்துக் கோப்பையை அவர்கள் கையில் கொடுங்கள். ஆட்டம் நடக்கும்போது எடுத்த ஒரு படமும் கட்டாயம் வேண்டும். வாட்ஸ்அப்பில் படத்தை டாக்குமென்டாக அனுப்பினால்தான் அச்சுக்குத் தேறும். படத்தின் கீழே இடமிருந்து வலம் யார் யார் என்று எழுதாமல் அனுப்பவே கூடாது.

ஃப்ளெக்சிலும் மைக்கிலும் சாதிப் பெயர் வருகிறது. எனக்கு ஏன் வம்பு என்று விட்டுவிடலாமா?

கூடாது. இதை நம் சீமையில் ஒளித்துப் பேசிப் பயனில்லை. அணியின் பெயர், ஜெர்சியின் நிறம், ஃப்ளெக்சில் இருக்கிற படம், ரைடர் போகும்போது போடுகிற பாட்டு, எதை வைத்தும் இங்கே சண்டை வரும். 2023-ல் நாங்குநேரியில் பள்ளி மாணவன் ஒருவன் வெட்டப்பட்ட பிறகு அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு, 2024 ஜூனில் கொடுத்த அறிக்கையில் மாணவர்கள் கையில் கட்டும் சாதி வண்ணக் கயிறுவரை பேசியிருக்கிறது. கயிறே இவ்வளவு தூரம் போகிறது என்றால் பத்தடி ஃப்ளெக்ஸ் என்ன செய்யும்?

நீங்கள் எழுதுகிற குறிப்பில் ஊர்ப் பெயரும் அணிப் பெயரும் ஆட்டக்காரர் பெயரும் போதும். பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் போட்டுக் கொடுத்தால் எடுத்துவிடுங்கள், காரணம் கேட்டால் பத்திரிகையில் போடமாட்டார்கள் என்று சொல்லுங்கள். ஃப்ளெக்ஸ் டிசைன் அச்சுக்குப் போகும் முன் உங்கள் கண்ணில் படட்டும். அதற்கு உள்ளாட்சி அனுமதியும் வாங்கணும். மைக் பிடிப்பவரிடம் ஆட்டத்துக்கு முன்பே பேசிவிடுங்கள். கூட்டம் சூடான பிறகு யார் சொல்லியும் கேட்காது.

நிருபர்களுக்கு ஏதாவது "கவனிக்க" வேண்டுமா?

வேண்டாம். டீ, தண்ணீர், உட்கார ஒரு நாற்காலி, சார்ஜ் போட ஒரு பிளக், மைதானத்தில் நெட் வேலை செய்கிறதா என்று முன்கூட்டியே பார்த்து வைப்பது, இதுதான் கவனிப்பு. கவர் கொடுத்து வரவைத்த செய்தி அடுத்த தடவை கவர் இல்லாமல் வராது. தோற்ற செய்தியையும் ஜெயித்த செய்தி மாதிரியே அனுப்புங்கள். அந்த ஒரு பழக்கத்துக்காகவே உங்கள் நம்பரை அவர்கள் சேமித்து வைப்பார்கள்.

இன்னொன்று. பகுதி நேர நிருபராக இருந்துகொண்டே அதே போட்டிக்கு மீடியா வேலையும் பார்ப்பது இங்கே சகஜம். எனக்கு அது சரியாகப் படவில்லை. ஏதாவது ஒரு பக்கம் நில்லுங்கள்.

ரீல்ஸ் போட்டால் போதாதா? இப்போது யார் பேப்பர் படிக்கிறார்கள்?

ரீல்ஸ் வேண்டும்தான். ஆனால் முப்பது விநாடி ரெய்டை வெட்டிப் பாட்டுப் போட்டால் பார்க்கிறவனுக்கு ரைடர் பெயர்கூடத் தெரியாமல் முடிந்துவிடும். திரையில் பெயர், ஊர், ஸ்கோர் மூன்றும் எழுதுங்கள்.

பெரிய லீக்குகளுக்குப் போனால் சட்டம் வேறு. டி.என்.பி.எல்., புரோ கபடி மாதிரியான இடங்களில் ஒளிபரப்பு உரிமையை ஒரு நிறுவனம் காசு கொடுத்து வாங்கியிருக்கும். மைதானத்தில் நின்று ஆட்டத்தைப் போனில் எடுத்துப் போட உங்களுக்கு உரிமை இல்லை, டிவியில் வந்ததை வெட்டிப் போடவும் முடியாது. பயிற்சி, உடைமாற்றும் அறை, பஸ் பயணம், பேட்டி இவற்றில்தான் உங்கள் கைவரிசையைக் காட்டணும். பாட்டுக்கும் உரிமை உண்டு என்பதை மறந்துவிடாதீர்கள்.

பள்ளிப் பிள்ளைகள் ஆடினால் பெற்றோரிடமோ பள்ளியிடமோ கேட்காமல் முகம் தெரிகிற வீடியோ போடாதீர்கள். 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்களின் தகவலைக் கையாளப் பெற்றோர் சம்மதம் வேண்டும் என்று 2023-ல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் சொல்கிறது.

ஆன்லைன் சூதாட்ட ஆப் ஒன்று ஸ்பான்சர் தருகிறது. நிறையப் பணம். வாங்கலாமா?

வாங்காதீர்கள். பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்களையும் அவற்றின் விளம்பரத்தையும் 2025-ல் வந்த மத்தியச் சட்டம் தடை செய்துவிட்டது. ஜெர்சியில் அந்தப் பெயர் இருக்கிற படத்தைப் போட்டவர் என்ற வகையில் நீங்களும் பதில் சொல்லணும்.

பொம்பளைப் பிள்ளையை ராத்திரி மேட்சுக்கு அனுப்புவது எப்படி?

ஒரு அம்மா கேட்டது. நியாயமான கேள்வி, என்னிடம் முழுப் பதில் இல்லை. ராத்திரிக் கபடியில்தான் தொடங்கணும் என்று கட்டாயம் இல்லை. கல்லூரி மேட்சுகள், முதலமைச்சர் கோப்பை, ஹாக்கி லீக் எல்லாம் பெரும்பாலும் பகலில் நடக்கின்றன. பெண்கள் அணிகளுக்கு மீடியா ஆள் ரொம்பக் குறைவு, அந்தப் பிள்ளைகள் ஒரு பெண்ணிடம் பேசுகிற மாதிரி எங்களிடம் பேசுவதில்லை. அங்கே உங்கள் மகளுக்கு இடம் காத்திருக்கிறது. ராத்திரி மேட்ச் என்றால் திரும்பி வர வண்டிக்கு யார் பொறுப்பு என்பதைக் கமிட்டியிடம் முதலிலேயே பேசி முடிக்கணும், அதில் கூச்சம் வேண்டாம்.

பெண் ஆட்டக்காரர்களின் படத்தைத் தேர்வு செய்வதிலும் கவனம் தேவை. ஆட்டம் தெரிகிற படமா என்று மட்டும் பாருங்கள். கீழே வருகிற அசிங்கமான கமெண்டுகளை நீக்குவதும் உங்கள் வேலைதான், அந்தப் பிள்ளை அதைப் பார்ப்பதற்கு முன்னால்.

மைதானத்தில் அடிதடி, அல்லது ஒரு பையனுக்குப் பலத்த அடி. அப்போது என்ன சொல்வது?

தெரிந்ததை மட்டும், ஒருவர் மட்டும். "ஆட்டக்காரர் ஒருவர் காயமடைந்தார், மருத்துவமனைக்குக் கொண்டுசென்றிருக்கிறோம், அடுத்த தகவல் இத்தனை மணிக்கு." சொன்ன மணிக்குத் தகவல் இல்லாவிட்டாலும் வந்து, "இன்னும் தெரியவில்லை" என்று சொல்லணும். வீட்டுக்குத் தெரியும் முன் பெயரை வெளியிடவே கூடாது. விழுந்த வீடியோ கையில் இருந்தால் அது கையிலேயே இருக்கட்டும். நடுவர் முடிவைப் பற்றிய கோபத்தை அணியின் பக்கத்தில் கொட்டாதீர்கள், புகார் என்றால் எழுத்தில் சங்கத்துக்குப் போகட்டும். ஊக்கமருந்து விவகாரம் வந்தால் நாடா (தேசிய ஊக்கமருந்துத் தடுப்பு முகமை) சொல்வதற்கு முன்னால் நீங்கள் ஒரு வார்த்தையும் பேச வேண்டாம்.

ஆங்கிலம் சுமார்தான். பரவாயில்லையா?

தொடங்கப் பரவாயில்லை, தொடரப் போதாது. லீக்குகளில் குறிப்பு இரண்டு மொழியிலும் போகணும். தமிழில் எழுதியதை மொழிபெயர்க்காமல், அதே ஸ்கோர்ஷீட்டை வைத்து ஆங்கிலத்தில் தனியாக எழுதிப் பழகுங்கள். அதே சமயம் நல்ல தமிழும் பேச்சும் உள்ளவர்களுக்குத் தமிழ் வர்ணனை என்று தனி வழி திறந்திருக்கிறது. கொடை மேட்சில் மைக் பிடித்துப் பழகியவர்களுக்கு அதில் பாதிப் பயிற்சி ஏற்கெனவே ஆகிவிட்டது.

ஏ.ஐ. எழுதித் தருமே?

தரும். ஆனால் கடைசி ரெய்டில் கோட்டைத் தொட்டது கையா காலா என்று அதற்குத் தெரியாது. தெரியாததைக் கேட்டால் அதுவே ஒன்றைச் சேர்த்துவிடும், பயிற்சியாளர் சொல்லாத வார்த்தையை அவர் வாயில் போடும். எழுத்துப் பிழை பார்க்க வைத்துக்கொள்ளுங்கள்.

காசு வருமா?

பைய வரும். ஊர்க் கமிட்டியில் சாப்பாடும் ஒரு டி-ஷர்ட்டும் கிடைக்கும். மாவட்டச் சங்கத்தில் போக்குவரத்துச் செலவு தந்தால் பெரிது. லீக் அணிகளில் சம்பளம் உண்டு, ஆனால் சீசன் முடிந்தால் வேலையும் முடிந்தது. ஆண்டு முழுக்க வேலை வேண்டும் என்றால் சென்னையிலோ மும்பையிலோ விளையாட்டு மேலாண்மை ஏஜென்சிகளில் சேரணும், இல்லையென்றால் பெரிய கல்விக் குழுமங்களின் மக்கள் தொடர்புப் பிரிவில். சீசன் இல்லாத மாதங்களில் கல்யாணப் படம் எடுக்கிறவர்களையும் டிசைன் வேலை பார்க்கிறவர்களையும் எனக்குத் தெரியும். வீட்டில் கடன் இருக்கிறது, உடனே சம்பளம் வேண்டும் என்கிற பிள்ளைக்கு இதை நான் முதல் வேலையாகச் சொல்லமாட்டேன்.

பெரிய போட்டிகளில் நுழைய என்ன வழி?

தன்னார்வலராகப் போவதுதான். 2022-ல் மாமல்லபுரத்தில் செஸ் ஒலிம்பியாட், 2023-ல் சென்னையில் ஆசிய ஹாக்கி சாம்பியன்ஸ் கோப்பை, 2024 ஜனவரியில் கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுப் போட்டி, 2025 கடைசியில் சென்னையிலும் மதுரையிலும் ஜூனியர் ஹாக்கி உலகக் கோப்பை என்று தமிழ்நாட்டில் வரிசையாக நடந்திருக்கின்றன. மதுரை நமக்கு ஒரு பஸ் தூரம். மீடியா பிரிவில் இடம் கேளுங்கள். அடையாள அட்டை கொடுப்பது, பத்திரிகையாளர் சந்திப்புக்கு நாற்காலி போடுவது, மேட்ச் முடிந்து வரும் ஆட்டக்காரரை நிருபர்கள் நிற்கிற இடத்துக்குக் கூட்டிவருவது என்று சின்ன வேலையாகத்தான் தருவார்கள். கூட்டிவருகிற அந்த இரண்டு நிமிட நடையில், தோற்றுப்போன ஒருவரிடம் என்ன பேசணும், என்ன பேசக்கூடாது என்று தெரிந்துவிடும். அடுத்த போட்டி அறிவிப்பு வந்தவுடனே விண்ணப்பியுங்கள், கடைசி வாரம் போய் நின்றால் அட்டை கிடைக்காது.

வேலைக்கு விண்ணப்பிக்கும்போது என்ன காட்டுவது?

சான்றிதழ் கட்டை வீட்டிலேயே வையுங்கள். ஒரே போட்டியின் முதல் நாள் முதல் இறுதி நாள் வரை நீங்கள் செய்ததை ஒரு ஃபோல்டரில் போட்டுக் கொடுங்கள்: அணிப் பட்டியல், நாளுக்கொரு குறிப்பு, அதை வைத்து வந்த செய்தியின் நறுக்கு, பெயர் எழுதிய படங்கள், நீங்களே போட்ட புள்ளிக்கணக்கு. பத்துப் போட்டியில் தொட்டுவிட்டுப் போனதைவிட ஒன்றை முழுதாக முடித்ததற்கு மதிப்பு அதிகம். ஃபோல்டரின் பெயரில் உங்கள் பெயரும் போட்டியின் பெயரும் இருக்கட்டும், "நியூ ஃபோல்டர் 2" என்று அனுப்பினால் திறந்து பார்க்கமாட்டார்கள்.